ஹீத்ரோ வாசலில் வித்தியார்த்திகள்

ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் நாட்களில், லண்டன் மாநகரின் மேற்கு எல்லையிலுள்ள ஹீத்ரோ விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்கள், சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் புறப்பட்டு வந்த நம் வித்தியார்த்திகள், ஐந்து பேராகவும் பத்துப் பேராகவும், கனத்த பெட்டிகளை அடுக்கிய தள்ளுவண்டிகளுடன் வெளியே வந்து, தங்களுக்காக யாரேனும் காத்திருக்கிறார்களா என்று எதிரே நிற்கும் ஜனக்கூட்டத்தின் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடுவதைக் காணலாம். விமானம் தரையிறங்கியதிலிருந்து இந்த இடத்துக்கு வந்து சேரும் வரையில் அவர்கள் கடக்க வேண்டியிருந்த வழி தூரத்தால் பெரிதன்று. ஆனால் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகளின் மனத்தில் அது ஏற்படுத்தும் கலக்கம் பெரிது. அந்தக் கலக்கத்தில் பெரும் பகுதி, முன்னரே தக்கவாறு சொல்லியிருந்தால் இல்லாமல் போயிருக்கக் கூடியது என்பதே என் அபிப்பிராயம்.

கூடிப் பிரயாணம் செய்வதில் ஒரு தைரியம் உண்டு. தனியே வந்தால் தவித்துப்போகும் ஒரு பெண், பக்கத்து ஆசனத்தில் தன் ஊர்ப் பேச்சுப் பேசும் இன்னொருத்தி இருக்கிறாள் என்ற ஒரே காரணத்தால், ஏறக்குறையப் பதினோரு மணி நேர ஆகாயப் பிரயாணத்தைச் சிரமம் தெரியாமல் முடித்துவிடுகிறாள். ஆயினும் இந்தக் கூட்டத் தைரியம் விமான நிலையத்தின் கதவு வரையில்தான் செல்லுபடியாகும் என்பதை யாரும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. விமான நிலையம் குழுவை அறியாது. அது தனி மனிதனை மாத்திரமே அறியும். விசா தனி, விரல் ரேகை தனி, கேட்கப்படும் கேள்வி தனி, சொல்ல வேண்டிய பதிலும் தனி. பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து நாற்பது பிள்ளைகள் ஆசிரியர்கள் துணையுடன் லண்டனைச் சுற்றிப் பார்க்க வந்தாலும், இந்தியப் பாஸ்போர்ட் உடையவர்களாயின் நாற்பது பேருக்கும் நாற்பது விசாக்கள் வேண்டும்; ஆசிரியரின் விசா எந்தக் குழந்தைக்கும் நிழல் தராது.

எல்லாத் தேசத்துப் பிள்ளைகளுக்கும் இந்த நியதி ஒன்றுபோல் இருக்கிறதா என்றால், இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின், 2021 அக்டோபரில் பழைய சலுகைகள் நீங்கியதும் பிரான்ஸிலிருந்து வரும் பள்ளிப் பிரயாணங்கள் வெகுவாகக் குறைந்துபோயின. அதைக் கண்ட பிரிட்டிஷ் அரசாங்கம், 2023 டிசம்பர் இறுதியிலிருந்து, பிரான்ஸ் நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ ஆசிரியருடன் வருவார்களாயின், பள்ளிக்கூடம் பூர்த்தி செய்து தரும் ஒரே படிவத்தின் பேரில் அவர்களை அனுமதிக்கலாம் என்று ஏற்பாடு செய்தது. குழுவைக் குழுவாகவே பார்ப்பது அசாத்தியமன்று என்பதற்கு இது அத்தாட்சி. நம்மவர்களிலோ, ஒரே பாஷை பேசும் பிள்ளைகளே பாஸ்போர்ட்டின் நிறத்தால் வெவ்வேறு வரிசைகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழ் மாணவன், குறுகிய காலம் தங்க வருபவனாயின், முன்கூட்டியே இணையத்தின் வழியாகப் பிரயாண அனுமதி பெற்றுக்கொண்டு வந்து, தானியங்கிக் கதவில் பாஸ்போர்ட்டை வைத்து முகத்தைக் காட்டிவிட்டு நேரே போய்விடலாம். அதே விமானத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த திருநெல்வேலிப் பையன், உத்தியோகஸ்தர் அமர்ந்திருக்கும் மேசையை நோக்கி வளைந்து வளைந்து செல்லும் நீண்ட வரிசையில் நிற்க வேண்டும். இருவரும் சந்திக்கும் இடத்தை முன்னரே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால், ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

இவ்வளவு பெரிய நிலையத்தில் தேடுவது எளிதன்று. 2024-ஆம் ஆண்டில் மாத்திரம் 8 கோடியே 39 லட்சம் பிரயாணிகள் ஹீத்ரோ வழியாகச் சென்றிருக்கிறார்கள்; தமிழ்நாட்டின் ஜனத்தொகையை விட அது அதிகம். இத்தனை பேரையும் இரண்டே ஓடுபாதைகள் தாங்குகின்றன. இதே இடத்தில் 1944 வரையில் ஹீத் ரோ என்ற சிற்றூர் இருந்தது. யுத்த காலத்து அதிகாரத்தைக் கொண்டு அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1946-இல் பொது மக்களுக்காக நிலையம் திறக்கப்பட்டபோது கட்டிடம் என்று சொல்லத்தக்க கட்டிடம் இல்லாமையால், ராணுவம் விட்டுச்சென்ற கூடாரங்களில் சாய்வு நாற்காலிகளையும் பூச்சாடிகளையும் வைத்துப் பிரயாணிகளை உபசரித்தார்கள். 1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா மார்க்கமாக லண்டனுக்குப் புறப்பட்ட 'மலபார் பிரின்ஸஸ்' என்ற விமானத்தோடு ஏர் இந்தியாவின் சர்வதேசப் போக்குவரத்து தொடங்கியது. 1961-இல் நெடுந்தூர விமானங்களுக்கென்று கட்டப்பட்ட கட்டிடமே இன்றைய மூன்றாம் டெர்மினல். முதலாம் டெர்மினல் 2015-இல் மூடப்பட்டுவிட்டபடியால், இப்போது இருப்பவை இரண்டு முதல் ஐந்து வரை எண்ணிட்ட நான்கு. விமானக் கம்பெனிகள் அவ்வப்போது டெர்மினல் மாறுவதும் உண்டு. ஆகையால் எந்த டெர்மினலில் இறங்குகிறோம் என்பதை மாணவர் ஒவ்வொருவரும், தலைவர் ஒருவரை நம்பியிராமல், தாமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அழைத்துப்போக வருபவருக்கும் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

விமானத்திலிருந்து இறங்கியதும் நெடிய நடைபாதைகள். மஞ்சள் நிறப் பலகைகளில் கறுப்பு எழுத்தில் எழுதிய 'வருகை' என்ற குறிப்பைப் பின்பற்றினால் போதும். ஊதா நிறப் பலகை வேறு விமானம் மாறுபவர்களுக்கு உரியது. ஐந்தாம் டெர்மினலில் துணைக் கட்டிடங்களில் வந்து நிற்கும் விமானங்களிலிருந்து இறங்குவோர், பூமிக்கடியில் ஓடும் சிறு ரயிலில் ஏறித்தான் பிரதான கட்டிடத்துக்கு வர வேண்டும். இரவு முழுவதும் தூங்காத பிள்ளைகள், முன்னால் போகிறவன் போகிற திசையே சரியான திசை என்று நம்பி நடந்து, குழுவின் தலையும் வாலும் வெவ்வேறு இடங்களில் அகப்பட்டுக்கொள்வது இங்கேதான் நேர்கிறது.

பின்பு இமிகிரேஷன் கூடம். இங்கே கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறார்கள். இன்றைய மாணவனுக்கோ, பல்கலைக்கழகம் கொடுத்த 'காஸ்' என்னும் சேர்க்கை உறுதிச் சான்று முதல் தங்குமிடத்தின் விலாசம் வரை, சகலமும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. அதுவோ நெடும் பிரயாணத்தில் மின்சாரம் தீர்ந்து அணைந்து கிடக்கும். முன்பு கையில் கொடுத்துவந்த வசிப்பு உரிமை அட்டை 2024 டிசம்பரோடு காலாவதியாகி, அந்த உரிமை இப்போது இ-விசாவாகப் பாஸ்போர்ட் எண்ணுடன் இணைக்கப்பட்டுக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருப்பதால், எல்லாம் உத்தியோகஸ்தருக்குத் தெரியுமே என்று சிலர் அலட்சியமாக வருகிறார்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரியும் என்பது மெய். தெரியாமற்போகும் ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் காகிதம் வேண்டும். சேர்க்கைச் சான்று, காசநோய்ப் பரிசோதனைச் சான்று, பணம் கட்டியதற்கான ரசீது, தங்குமிடத்தின் விலாசம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களாயின் பெற்றோரின் சம்மதக் கடிதம் ஆகிய இவற்றின் அச்சுப் பிரதிகள், விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டியில் அல்ல, தோளில் தொங்கும் பையில் இருக்க வேண்டும். பெட்டி கைக்கு வருவது இமிகிரேஷனைக் கடந்த பிறகுதான்.

இந்தக் காகிதங்கள் எல்லாம் ஏன் வந்தன, எப்போது வந்தன என்ற சரித்திரத்தை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது; ஏனெனில் அந்தச் சரித்திரத்தில் தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. 1962 ஜூலைக்கு முன், இந்தியரும் இலங்கையரும் காமன்வெல்த் பிரஜைகள் என்ற முறையில் தடையின்றிப் பிரிட்டனுக்குள் பிரவேசித்து வந்தார்கள். அவ்வாண்டு அமலுக்கு வந்த காமன்வெல்த் குடியேற்றச் சட்டத்தோடு அந்த உரிமை சுருங்கிற்று. வித்தியார்த்திகளுக்கு இடம் உண்டு, ஆனால் எங்கே படிக்கப் போகிறோம் என்பதைக் காட்ட வேண்டும் என்று ஆயிற்று. பின் பல ஆண்டுகள், நம் நாட்டிலிருந்து வருவோர் மார்பு எக்ஸ்ரே படத்தைப் பெரிய உறையிலிட்டுக் கையோடு கொண்டுவருவதும், ஹீத்ரோவில் இருந்த சுகாதாரப் பிரிவில் அங்கேயே படம் எடுக்கப்படுவதும் வழக்கமாக இருந்தன. இப்போது அந்தப் பரிசோதனை புறப்படும் ஊரிலேயே முடிந்துவிடுகிறது. 1983-ஆம் வருஷத்துக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர் உயிருக்கு அஞ்சி லண்டனை நாடி வரத் தொடங்கியதும், 1985 மே மாதத்தில் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. காமன்வெல்த் நாடுகளுள் அவ்விதம் விசா விதிக்கப்பட்ட முதல் நாடு இலங்கையே. மறு வருஷம் அக்டோபரில் இந்தியாவுக்கும் அதே விதி வந்தது. விதி அமலாகுமுன் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று விரைந்த ஜனங்களால் ஹீத்ரோவின் கூடங்கள் நிரம்பி வழிந்தன.

அதற்கடுத்த வருஷம் நடந்ததை, ஹீத்ரோவில் காலடி வைக்கும் எந்தத் தமிழனும் மறக்கலாகாது. 1987 பிப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர், அடைக்கலம் கேட்டு வந்தவர்கள், திருப்பி அனுப்பப்படுவதற்காக விமானத்தருகே கொண்டுசெல்லப்பட்டபோது, வேறு வழியின்றித் தங்கள் மேலாடைகளைக் களைந்து அந்தக் குளிரில் நின்று ஆட்சேபித்தார்கள். நீதிமன்றம் தலையிட்டது, விமானம் அவர்களை ஏற்றிக்கொள்ளாமலே போயிற்று. அவர்களைப் போன்ற சிலர் பின்னர் ஹார்விச் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருந்த 'ஏர்ல் வில்லியம்' என்ற கப்பலில் காவலில் வைக்கப்பட்டார்கள். அதே வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது: தக்க பத்திரங்கள் இல்லாத பிரயாணியை ஏற்றிவரும் விமானக் கம்பெனி, ஆள் ஒருவருக்கு 1,000 பவுன் செலுத்த வேண்டும். பின்னாளில் அந்தத் தொகை இரட்டிப்பாயிற்று. இன்றைக்கு மீனம்பாக்கத்தில் பெட்டியை எடைபோடும் மேசையில், விசாவைப் பார்த்த பிறகும் விமானக் கம்பெனிச் சிப்பந்தி மறுபடி மறுபடி ஏடுகளைப் புரட்டுவதும், சந்தேகம் வந்தால் மேலதிகாரியை அழைப்பதும், அந்தச் சட்டத்தின் விளைவு. அவர் நம்மை அவமதிக்கிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் குமுறுகிறார்கள். அபராதத்துக்கு அஞ்சி அவர் தம் கடமையைச் செய்கிறார். லண்டன் எல்லையின் முதல் வாசல் சென்னையிலேயே இருக்கிறது என்று கொள்வதுதான் பொருந்தும். அந்த வாசல் அங்கே வந்ததற்குக் காரணமாக அமைந்தது, ஹீத்ரோவில் நின்ற நம்மவர்களின் துயரம்.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அன்று. விசா பெற்று, சேர்க்கை பெற்று, பணமும் கட்டி வரும் மாணவன் யாரிடமும் தயவு கேட்டு வரவில்லை. தனக்குச் சட்டப்படி கிடைத்த உரிமையைக் கொண்டு வருகிறான். அந்த மனோபாவத்தோடு மேசை முன் நிற்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, எத்தனை காலம், எங்கே தங்குவது, செலவை யார் ஏற்கிறார்கள் என்பனவே பெரும்பாலும் கேட்கப்படும் கேள்விகள். இவற்றுக்குச் சில இடங்களில் விடைகளை நெட்டுருப் போடச் செய்து அனுப்புகிறார்கள்; இது நிச்சயமாகக் கெடுதல் செய்யும் வழக்கம். பத்துப் பேர் அடுத்தடுத்து வந்து ஒரே வாக்கியத்தை ஒரே ராகத்தில் ஒப்பித்தால், கேட்கிறவருக்குச் சந்தேகம் வருவது இயற்கை. மேலும், நெட்டுருப் போட்டவன் கேள்வி சற்றே மாறி வந்தால் திகைத்துப்போவான். தன் படிப்பைத் தன் சொந்த வார்த்தைகளில், இலக்கணம் பிசகினாலும் நிதானமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு தடையும் இல்லை. கேள்வி விளங்காவிட்டால் மறுபடி சொல்லும்படி கேட்பது குற்றமாகாது. உண்மைக்கு மாறாக ஒரு சொல்லும் சொல்லலாகாது.

குழுவை அழைத்து வரும் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியவை வேறு. இருவர் வந்தால், ஒருவர் எல்லாருக்கும் முன்பாகவும் மற்றவர் எல்லாருக்கும் பின்பாகவும் இமிகிரேஷனைக் கடப்பது உத்தமம்; முன்னவர் உள்ளே பெட்டி வரும் பட்டையருகே பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்துவார், பின்னவர் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வார். பாஸ்போர்ட்டுகளை எல்லாம் ஆசிரியர் தம் பையிலேயே வைத்துக்கொண்டு மேசையருகே விநியோகிக்கும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. வரிசை நகரும் வேகத்தில் ஒருவன் பாஸ்போர்ட் இன்னொருவன் கைக்குப் போவதற்கு அதுவே வழி. விமானத்திலிருந்து இறங்கும்போதே அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கைக்கு வந்துவிட வேண்டும். தலைகளை எண்ணுவதை நடைபாதையில் செய்யாமல், விமான வாயில், பெட்டிப் பட்டை, வெளிக்கூடம் என்ற நின்று எண்ணத்தக்க இடங்களில் செய்ய வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும், சில சமயம் யாரேனும் ஒரு பிள்ளையை மேலும் விசாரிப்பதற்காக ஓரத்து நாற்காலியில் உட்கார வைப்பதுண்டு. அந்தச் சமயத்தில் அந்தப் பிள்ளை அடையும் வேதனையை, அருகிலிருந்து பார்த்தவர்களே அறிவார்கள். தன் கூட்டம் தன்னை விட்டுப் போகிறது, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எல்லாரும் நினைப்பார்கள் என்ற எண்ணமே கேள்விகளைக் காட்டிலும் அதிகமாக வருத்துகிறது. இப்படி நேரக்கூடும், நேர்ந்தால் அது தண்டனையன்று, நாங்கள் உன்னை விட்டுப் போக மாட்டோம் என்று புறப்படுமுன்பே எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டும். சொன்னபடி வெளியே காத்திருக்கவும் வேண்டும். பல்கலைக்கழகத்தின் தொலைபேசி எண்ணும் குழுத் தலைவரின் எண்ணும் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும், அந்தப் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதப்பட்டு இருக்கட்டும். 2025 மார்ச் 21-ஆம் தேதி, அருகிலுள்ள ஹேய்ஸ் பகுதியின் துணை மின்நிலையம் ஒன்றில் பற்றிய தீயினால் ஹீத்ரோ முழுதும் ஏறக்குறைய ஒரு பகல் மூடப்பட்டு, 1,300க்கும் அதிகமான விமானப் போக்குவரத்துகள் குலைந்தன. லண்டனுக்கென்று புறப்பட்டவர்கள் வேறு வேறு ஊர்களில் இறக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒருவர் மூளையில் மாத்திரம் இருக்கும் திட்டம் யாருக்கும் உதவாது.

பெட்டிகள் கைக்கு வந்தபின் சுங்கம். இங்கே நம் தாய்மார்களின் அன்பே பிள்ளைகளுக்குச் சங்கடமாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளிலிருந்து மாமிசமும் பால் பண்டங்களும் கொண்டுவரக் கூடாது என்பது பிரிட்டனின் சட்டம். கால்நடை நோய்களுக்கு அஞ்சி ஏற்பட்டது. ஆகையால் ஊத்துக்குளி நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் உப்புக்கண்டமும் பெட்டியில் ஏறலாகாது. பருப்புப் பொடியும் வற்றலும் அப்பளமும் தாராளமாக வரலாம். ரொக்கம் 10,000 பவுனுக்கு எட்டினால் அறிவிக்க வேண்டும். லண்டனிலுள்ள இன்னாரிடம் கொடுத்துவிடு என்று அயலார் தரும் கட்டிய பொட்டலத்தை, அவர் எவ்வளவு வேண்டியவராயினும், பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளவே கூடாது. எது கொண்டுவரலாம் என்பதில் ஐயம் இருந்தால், சுங்கத்தில் அறிவிக்க வேண்டியவர்களுக்குரிய சிவப்பு வழியில் சென்று கேட்பதில் வெட்கம் இல்லை.

வெளியே வந்தால் நகரத்துக்கு வழிகள் பல. 1977 முதல் பிக்காடில்லி பாதாள ரயில் நிலையத்தின் நடுவிலிருந்தே புறப்படுகிறது. 2022-இல் நகரின் மையம் வழியாக ஓடத் தொடங்கிய எலிசபெத் ரயில் விசாலமானது, பெரிய பெட்டிகளுக்குச் சௌகரியம். பிற ஊர்களுக்குச் செல்வோர் மத்திய பேருந்து நிலையத்தில் ஏறலாம். திரும்பும் பிரயாணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: 2006 ஆகஸ்டில் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கச் செய்த சதி லண்டனில் வெளிப்பட்டதிலிருந்து உலகெங்கும் பரவிய 100 மில்லிலிட்டர் விதி, புதிய ஸ்கேனர் இயந்திரங்கள் வந்த நிலையங்களில் தளர்ந்து வருகிறது, இடையில் இறங்கி மாறும் ஊரில் பழைய விதியே இருக்கக் கூடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி, வாசலில் நிற்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் 'நெவாஸா' என்ற கப்பலில் ஏறிய கும்பகோணத்து ராமானுஜன், ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டன் வந்து சேர்ந்தபோது, கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் நெவில் மோட்டார் வண்டியுடன் காத்திருந்தார். சில மாதங்களுக்கு முன் சென்னைக்கு வந்து, கடல் கடக்கத் தயங்கிய ராமானுஜனைத் தேற்றி இசைய வைத்தவரும் அவரே. ராமானுஜன் முதலில் தங்கியது தென் கென்ஸிங்டனில் 21, குரோம்வெல் சாலை என்ற விலாசத்தில். புதிதாய் வரும் இந்திய மாணவர்களை வரவேற்பதற்கென்றே இருந்த வீடு அது. சில நாட்களில் நெவில் அவரைக் கேம்பிரிட்ஜில் தம் இல்லத்துக்கே அழைத்துச் சென்றார். அத்தனை பெரிய மேதைக்கும் அந்நிய தேசத்தின் முதல் நாளில் வேண்டியிருந்தது, தெரிந்த ஒரு முகமும் தலைசாய்க்க ஒரு கட்டிலுந்தான். அந்தக் குரோம்வெல் சாலை வீட்டை மாணவர் பலர் நம்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1909-இல் பிரிட்டிஷ் அதிகாரி கர்ஸன் வில்லி ஓர் இந்திய மாணவரால் கொல்லப்பட்ட பின், இந்திய மாணவர்மீது அரசாங்கம் வைத்த கண்காணிப்பின் சாயை அந்த உபசாரத்தின்மீதும் படிந்திருந்தது. வரவேற்பதும் வேவு பார்ப்பதும் ஒரே கையால் நடந்தால், வரவேற்பு மனத்தைத் தொடாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஒரு தமிழர். சேலத்தில் 1876-இல் பிறந்து, இந்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தேசியப் பொதுச் செயலாளராக உயர்ந்த கே. டி. பால், அரசாங்கத்தின் கையை எதிர்பாராமல், இந்தியர்கள் இந்தியர்களுக்காக நடத்தும் மாணவர் விடுதி ஒன்றை 1920-இல் லண்டனில் ஸ்தாபித்தார். கெப்பல் தெருவில் யுத்த காலத்துக் கொட்டகை ஒன்றில் தொடங்கிய அந்த விடுதி கவர் தெருவுக்கு மாறி, இரண்டாம் உலகப் போரின் குண்டு வீச்சுக்கு இலக்காகி, 1953-இல் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதுக் கட்டிடம் கண்டது. அங்கே தங்கிப் படித்துத் திரும்பி இந்தியாவில் உயர் பதவிகள் வகித்தோர் அநேகர். அந்நாட்களில் பிரிட்டிஷ் கவுன்ஸிலும் துறைமுகங்களுக்கும் விமான நிலையத்துக்கும் ஆட்களை அனுப்பி அயல்நாட்டு மாணவர்களை எதிர்கொண்டு அழைத்துவந்தது. இன்று பல பல்கலைக்கழகங்கள் செப்டம்பரில் சில நாட்கள் ஹீத்ரோவில் மேசை போட்டு, தங்கள் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிச் செல்கின்றன. ஆனால் அந்த நாட்களுக்கு முன்னும் பின்னும் வருகிறவர்களும், அத்தகைய ஏற்பாடில்லாத கல்லூரிகளுக்கு வருகிறவர்களும், கைப்பேசியில் பார்த்த வாடகை அறையை நம்பி வருகிறவர்களும் எத்தனையோ பேர். அவர்களுள் சிலர், முன்பணம் வாங்கிக்கொண்ட அறையே அந்த விலாசத்தில் இல்லை என்பதை இரவில் வந்து அறிகிறார்கள்.

ஹீத்ரோவைச் சுற்றியுள்ள ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ் பகுதிகளிலும், சற்று வடக்கே ஹாரோ, வெம்பிளியிலும், கிழக்கே ஈஸ்ட் ஹாமிலும் தமிழர் இல்லங்கள் ஏராளம். கோயில்களும் சங்கங்களும் வாரந்தோறும் தமிழ் கற்பிக்கும் பள்ளிகளும் நன்றாக நடக்கின்றன. விமான நிலையத்திலேயே உத்தியோகம் பார்க்கும் தமிழரும் உண்டு. இத்தனை பேர் இருந்தும், வரும் பிள்ளை அந்தக் கூட்டத்தில் முகங்களைத் தேடி நிற்பது நியாயமன்று. செப்டம்பரிலும் ஜனவரியிலும் கல்லூரிகள் தொடங்கும் வாரங்களில், லண்டன் தமிழ்ச் சங்கம் முதலான ஸ்தாபனங்கள் முறை வைத்துக்கொண்டு, தமிழில் எழுதிய ஒரு பலகையுடன் இருவரை வருகைக் கூடத்தில் நிறுத்தலாம். எந்நேரமும் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண்ணைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கும் இலங்கைப் பள்ளிகளுக்கும் முன்கூட்டியே அனுப்பி வைக்கலாம். ஏமாந்து வந்த பிள்ளைக்கு முதல் இரவு தங்க ஓர் அறை தேடித் தரலாம். பெரும் பொருள் செலவாகும் காரியம் அன்று இது. சேலத்துக்காரர் ஒருவர் ஒரு நூற்றாண்டுக்கு முன் தனியே முயன்று சாதித்ததன் ஒரு சிறு பகுதியே. பெற்றோர்கள் பிள்ளையின் பெட்டியைக் கட்டுமுன் லண்டனில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தின் விலாசத்தைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். லண்டனில் இருப்பவர்கள் உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இந்த விஷயத்தை எடுத்துப் பேசுங்கள்.